வறுமையை எந்த வள்ளத்தால் அளப்பது?

உடுமலைப்பேட்டையில் ஓர் இ-சேவை மையம். போன வருஷம் ஒரு வேலையாக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா வருமானச் சான்றிதழுக்கு வந்தவர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "எதுக்குங்க்கா, காப்பீட்டுக்கா? புள்ளையோட காலேஜுக்கா?"

"காப்பீட்டுக்குத்தான் கண்ணு."

"அப்ப ஒண்ணு இருவதுக்குள்ள போட்டுக்கலாமுங்க."

அம்மா தலையாட்டினார். அவருடைய வருமானம் எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போகிறவர். களம் ஓடினால் ஒரு கணக்கு, மழை பிடித்தால் ஒரு கணக்கு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்த காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வருமானம் எழுபத்திரண்டாயிரம்தான். வரம்பை 1,20,000 ஆக்கியதும் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம் உயர்ந்துவிட்டது!

சரி, அந்த அம்மா ஏழையா? அவர் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்தது அது. காப்பீட்டுக் கதவில் 1,20,000 வரை ஏழை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் 2,50,000 வரை போகலாம். கூடவே நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்ற வரம்பு, வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட் என்ற வரம்பு. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே பணக்காரர் ஆகிவிடும். ரேஷன் கடையில் அவருடைய ஸ்மார்ட் கார்டு முன்னுரிமைக் குடும்பமா, முன்னுரிமையற்ற குடும்பமா என்பது வேறொரு கணக்கு. மத்திய அரசின் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டில், வேறு ஒதுக்கீடு இல்லாதவராக இருந்தால், ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு உள்ளே வருகிறவரும் நலிந்தவர்தான்.

கொங்கு நாட்டில் தானியத்தை வள்ளத்தால் அளந்த காலம் ஒன்று இருந்தது. கூலியும் வள்ளக் கணக்கில்தான். வாங்கும் வள்ளம் ஒன்று, கொடுக்கும் வள்ளம் ஒன்று என்று சில வீடுகளில் இரண்டு வைத்திருப்பார்களாம். என் அப்பாரு சொல்லிச் சிரிப்பார். வறுமையை அளக்கும் விஷயத்தில் அரசாங்கத்திடமும் இரண்டு வள்ளம் உண்டு. நாட்டில் எத்தனை பேர் ஏழை என்று எண்ணுவதற்கு ஒன்று. யாருக்கு உதவி கொடுப்பது என்று பிரிப்பதற்கு இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொண்டதில்தான் கடந்த அறுபது ஆண்டுச் சண்டையில் பெரும்பகுதி நடந்திருக்கிறது.

முதலில் எண்ணும் வள்ளம். இந்தியாவில் அதைச் செய்து பார்த்தவர் தாதாபாய் நௌரோஜி. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியன் எப்படி இருக்கிறான் என்று காட்ட அவருக்கு ஓர் எண் தேவைப்பட்டது. கடல் கடந்து போகும் கூலிகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட உணவுப் பட்டியலை எடுத்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்று விலை போட்டார். 1867-68ஆம் ஆண்டு விலையில், உயிரோடிருக்க ஆளுக்கு ஆண்டுக்கு இடத்தைப் பொறுத்து 16 முதல் 35 ரூபாய் ஆகும் என்று சொன்னார். இங்கிலாந்தில் ரவுன்ட்ரீ யார்க் நகரத்துத் தொழிலாளர் வீடுகளைக் கணக்கெடுத்தது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1899இல். இரண்டு பேரும் தொட்டது வயிற்றைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962இல் திட்டக் குழு அமைத்த பணிக்குழு ஒரு கோடு போட்டது: 1960-61 விலையில் கிராமத்தில் தலைக்கு மாதம் 20 ரூபாய், நகரத்தில் 25. இந்தக் கோட்டில் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. அதுதான் பின்னால் பெரிய வினையானது. கல்விக்கும் வைத்தியத்துக்கும் ஆகும் செலவை இதில் சேர்க்கவில்லை. அவற்றை அரசாங்கம் இலவசமாகத் தரும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். பிறகு தனியார் பள்ளி வேன் எங்கள் ஊர்த் தோட்டத்துச் சாளை வாசல் வரைக்கும் வந்தது, கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் எழுந்தன. கோடு மட்டும் அந்தச் செலவை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை.

1971இல் பொருளியலாளர்கள் தண்டேகரும் ரத்தும் ஒரு நாளைக்கு 2,250 கலோரி கிடைக்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டார்கள். 1979இல் அலக் குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 என்று பிரித்தது. உழுகிறவனுக்கு அதிகம் வேண்டும், உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குக் குறைவாகப் போதும் என்ற நியாயம். 1973-74 விலையில் அது மாதம் 49 ரூபாய் 9 காசாகவும் 56 ரூபாய் 64 காசாகவும் ஆயிற்று. 1993இல் லக்டாவாலா குழு மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு என்று தனித்தனிக் கோடு போட்டது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்னவென்றால், 1973-74இன் கூடையை வைத்துக்கொண்டு விலைவாசிக்கு ஏற்றபடி ரூபாயை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். கலோரியைத் திரும்ப எடைபோடவில்லை. வருஷம் போகப் போக, கோட்டில் நிற்கிறவன் சாப்பிடும் கலோரி குறைந்துகொண்டே வந்தது. பொருளியலாளர் உத்சா பட்நாயக் போன்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டி, ஏழைகள் குறைந்ததாகச் சொல்வது கோடு கீழே இறங்கியதால்தான் என்றார்கள். இல்லை, கிராமத்தில் உழைப்பே இலேசாகிவிட்டது, டிராக்டரும் மோட்டாரும் வந்துவிட்டன, அதனால் கலோரி குறைவாகப் போதும் என்று எதிர்வாதமும் வந்தது. ஏற்றம் இறைத்த தலைமுறையையும் மோட்டார் பட்டனை அமுக்கும் தலைமுறையையும் பார்த்தவன் என்ற முறையில் இரண்டிலும் உண்மை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

டெண்டுல்கர் குழு 2009இல் கலோரியைக் கைவிட்டது. அது செய்த வேலை விசித்திரமானது, ஆனால் நேர்மையானது. பழைய கணக்கில் நகர வறுமை 25.7 சதவீதம் என்று இருந்ததைப் பெரிதாக யாரும் மறுக்கவில்லை; ஆகவே அந்த 25.7 சதவீதம் வரும்படியான செலவுத் தொகையையே கோடாக வைத்துக்கொள்வோம், அந்தக் கூடையையே விலை வித்தியாசம் பார்த்துக் கிராமத்துக்கும் நீட்டுவோம் என்றது. வந்த தொகை 2004-05இல் கிராமத்துக்கு 446.68, நகரத்துக்கு 578.80 ரூபாய். நாட்டில் ஏழைகள் 37.2 சதவீதம். 2011-12இல் அதே முறையில் கிராமத்துக்கு 816, நகரத்துக்கு 1,000; ஏழைகள் 21.9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 27 கோடிப் பேர். தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 880, நகரத்தில் 937; ஏழைகள் 11.28 சதவீதம்.

இடையில் வந்தது 32 ரூபாய்க் கலவரம். உணவு உரிமை வழக்கில் 2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிக்க முடிந்தால் அவர் ஏழை அல்ல என்பது அதன் சாரம். நாடே கொதித்தது. திட்டக் குழுவினர் அந்தத் தொகையில் வாழ்ந்து காட்டட்டும் என்று சவால்கள் பறந்தன. எங்கள் ஊர் டீக்கடைகளிலும் அந்த வாரம் அதே பேச்சு. ஆனால் கோபம் கொஞ்சம் திசைமாறிவிட்டது என்பது என் எண்ணம். எண்ணுவதற்கான கோடு தாழ்வாக இருக்கலாம். அதைக் காட்டி ரேஷனை மறுக்கப் போகிறார்கள் என்பதுதான் ஆபத்து. சண்டை நடந்தது முதல் விஷயத்தைப் பற்றி. நடந்திருக்க வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

கொதிப்பு அடங்க அரசு இன்னொரு குழு போட்டது. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையில் 2014இல் அறிக்கை வந்தது: கிராமத்துக்கு மாதம் 972, நகரத்துக்கு 1,407. அதே 2011-12க்கு நாட்டின் வறுமை 29.5 சதவீதம் என்றாயிற்று. தமிழ்நாட்டின் கணக்கைப் பாருங்கள். டெண்டுல்கர் வள்ளத்தில் 11.28, ரங்கராஜன் வள்ளத்தில் 22.4. ஒரே வருஷம், ஒரே மாநிலம், ஒரே சுற்றுக் கணக்கெடுப்பு. ஏழைகள் ஏறத்தாழ இரட்டித்துவிட்டார்கள். இரண்டு குழுவும் பொய் சொல்லவில்லை. ஏராளமான குடும்பங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, கோட்டை ஒரு சாண் தூக்கினால் கூட்டமாக உள்ளே வந்துவிடுகின்றன என்பதுதான் இதற்கு அர்த்தம். என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் தமிழ்நாட்டைப் பற்றித் தெரிந்த மிக முக்கியமான சேதி இதுதான்.

கோடு ஒருபக்கம் இருக்கட்டும். வீட்டு வாசலில் நின்று எண்ணுகிறவரின் கஷ்டம் வேறு. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1950இல் தொடங்கிவைத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் ஆட்கள் குடும்பச் செலவைக் கேட்டு எழுதுகிறார்கள். வருமானத்தைக் கேட்டால் ஒழுங்கான பதில் வராது என்பது இ-சேவை மையத்திலேயே தெரிகிறதே, அதனால் செலவு. ஆனால் எத்தனை நாள் செலவைக் கேட்பது? போன ஏழு நாளில் என்ன எண்ணெய் வாங்கினீர்கள் என்றால் ஒரு விடை, போன முப்பது நாளில் என்றால் இன்னொரு விடை. 1999-2000இல் ஒரே படிவத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுவைத்தார்கள். பதில் சொல்கிறவர் ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்திச் சொல்லிவிட, அந்த வருஷத்து எண்ணை முந்தைய எண்ணோடு ஒப்பிடவே முடியாமல் போயிற்று. வறுமை வேகமாகக் குறைந்ததா, படிவம் குறைத்ததா என்று பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனிலிருந்து டெல்லிப் பேராசிரியர்கள் வரை ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள்.

2017-18 கணக்கெடுப்புக்கு இதைவிட மோசமான கதி. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் மத்திய அரசு அதை வெளியிடாமலே விட்டது. அடுத்த கணக்கு 2022-23இல்தான். 2011-12க்கும் அதற்கும் நடுவே பதினோரு ஆண்டுகள். பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, கொரோனா எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் நடந்தன. திருப்பூரில் எத்தனை குடும்பம் இறங்கியது, எத்தனை ஏறியது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. அரசுக் கணக்கு இல்லை. 2022-23இன் புதுக் கணக்கெடுப்பு நாடெங்கும் 2,61,746 வீடுகளுக்குப் போயிற்று. ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய், மூன்று படிவங்களில் எழுதினார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் தலைக்கு மாதச் செலவு சராசரி 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. அகில இந்திய சராசரி 3,773, 6,459. மூன்று தடவை போனால் அதிகச் செலவு நினைவுக்கு வரும் என்பது இயல்பு. ஆகவே இதையும் பழைய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. வள்ளம் மறுபடி மாறிவிட்டது.

செலவைக் கேட்பதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கொங்குப் பக்கத்தில் அது ஆழம். என் தெருவில் ஒரு தறி ஓட்டுகிறவர் குடும்பம். மனைவிக்கு அறுவை சிகிச்சை. காப்பீட்டில் வந்தது போக மீதிக்கு மகளிர் குழுவில் கடன், நகைக் கடன், மூன்று வட்டிக்குக் கைமாற்று. அந்த வருஷம் அவர்கள் வீட்டுச் செலவு இரண்டு பங்காக ஏறியிருக்கும். படிவத்தில் பார்த்தால் அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். அடுத்த வருஷம் வட்டி கட்டிக்கொண்டு கஞ்சியைக் குறைத்தபோதுதான் கீழே இறங்குவார்கள்; அப்போது படிவத்தோடு யாரும் வரப் போவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்க்காவிட்டால் 1962இன் தப்பு, சேர்த்தால் இந்தத் தப்பு. கடனையும் கூடவே கேட்டால் ஒழிய இதற்கு வழியில்லை. கடன் பற்றித் தனிக் கணக்கெடுப்பு நடக்கிறது என்பது உண்மை. அந்தக் கடனும் இந்த வறுமையும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன, கணக்கில்தான் வேறு வேறு அறிக்கை.

பணத்தால் அளந்தால் இப்படித்தான், வாழ்வைப் பார்த்தே அளந்துவிடலாம் என்று வந்தது பல்பரிமாண வறுமைக் குறியீடு. ஆக்ஸ்ஃபோர்டில் சபீனா அல்கைரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் வகுத்த முறை, ஐ.நா. 2010இல் எடுத்துக்கொண்டது, நிதி ஆயோக் 2021இல். நிதி ஆயோக்கின் குறியீட்டில் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்று மூன்று பிரிவு, மொத்தம் 12 அளவைகள். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்குக் குறை இருந்தால் அந்த வீடு ஏழை. தமிழ்நாடு 2015-16இல் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20. இந்தியா 24.85இலிருந்து 14.96. சத்துணவும், ரேஷனும், பிரசவ ஆஸ்பத்திரிகளும், பள்ளிக்கூடங்களும் செய்த வேலைக்கு இந்த 2.20 நியாயமான சான்றுதான். பெருமைப்படலாம். ஆனால் இந்த எண்ணின் உள்ளே கொஞ்சம் கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

வாழ்க்கைத்தரத்தில் ஏழு அளவைகள்: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, சாமான்கள், வங்கிக் கணக்கு. ஏழும் சேர்ந்தால்தான் மூன்றில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்துக்கு கேஸ் இல்லை, கழிப்பறை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, மண்சுவரும் ஓலையும்தான் வீடு, சாமான் ஒன்றும் இல்லை. ஆனால் ஜன்தன் கணக்கு ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், உடம்பிலும் குறை ஏதும் எழுதப்படவில்லை. ஏழில் ஆறு குறை என்றால் மதிப்பெண் 21க்கு 6. மூன்றில் ஒன்றுக்கு 7 வேண்டும். அந்தக் குடும்பம் ஏழை இல்லை. பாஸ்புக் காப்பாற்றிவிட்டது!

அடுத்தது வயசானவர்கள். ஊட்டக்குறை இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், 15 முதல் 49 வயதுவரை பெண்கள், 15 முதல் 54 வரை ஆண்கள் ஆகியோரிடம் மட்டும். வீட்டில் அந்த வயதில் ஒருவரும் இல்லையென்றால் ஊட்டக்குறை இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். பள்ளி வயதுக் குழந்தை இல்லையென்றால் பள்ளிக்கூடக் குறையும் இல்லை. மடத்துக்குளம், குடிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் மகன் திருப்பூரிலோ கோவையிலோ, மகள் கட்டிக்கொடுத்த ஊரில், எழுபது தாண்டிய ஆத்தாவும் அப்பாருவும் தனியாக என்பது இன்றைக்கு வீட்டுக்கு வீடு காணும் காட்சி. பிள்ளை குறைவாகப் பெற்ற சமூகம் இது. சீக்கிரம் கிழடு தட்டிவிட்டது. அந்த ஆத்தா ஒரு வேளை மட்டும் சோறாக்கி இரண்டு வேளைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்வதை 12 அளவைகளில் எதுவும் பார்க்காது.

மலைக்குப் போவோம். உடுமலையிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிகிற ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, ஈசல்தட்டு, கோடந்தூர், தளிஞ்சி என்று குடியிருப்புகள் இருக்கின்றன. முதுவர்களும் மலைப்புலையர்களும் வாழ்கிறார்கள். கர்ப்பிணியையும் நோயாளியையும் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு திருமூர்த்திமலைக்கு இறங்கிய சேதிகள் பேப்பரில் பலமுறை வந்தவைதான்; ரோடு கேட்டு ஆண்டாண்டாக மனுக் கொடுத்த ஊர்கள். 2.20 என்ற எண் எதிலிருந்து வந்தது? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 ஆயிரம் வீடுகளைக் கேட்டதிலிருந்து. மாவட்டத்துக்குச் சராசரி ஆயிரத்துக்கும் கீழே. திருப்பூர் மாவட்டத்தின் பங்கில் குழிப்பட்டி வர வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பின்னலாடை மாவட்டம் என்று பெயரெடுத்த இடத்தின் சராசரிக்குள் மலை காணாமல் போகிறது.

மலையில் இருப்பவராவது சொந்த ஊரில் இருக்கிறார். நூற்பாலை விடுதியிலும் செங்கல் சூளையிலும் தென்னை நார் ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் தங்கி வேலை செய்யும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள் எந்தக் கணக்கிலும் எளிதில் விட்டுப்போகிறவர்கள். கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு வேரூன்றிப் பரவிய ஊர் இது. இன்றைக்குப் பண்ணையில் கோழிக்குத் தீவனம் வைப்பது பெரும்பாலும் வடக்கத்திக் குடும்பம். அவர்களுடைய ரேஷன் கார்டு அவர்கள் ஊரில். அவர்களுடைய வறுமையும் அந்த ஊர்க் கணக்கில்தான் ஏறும், ஏறினால்.

வெளியுலகம் இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவில் மாலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் 1960களில், குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுகின்றன என்ற 1955 ஆய்வை வைத்துக்கொண்டு, மலிவு உணவுச் செலவை மூன்றால் பெருக்கிக் கோடு போட்டார். இன்றைக்கும் அங்கே அடிப்படை அதுதான். விலைவாசியை மட்டும் ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவில் நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஏழ்மை அபாயம். ஊர் உயர்ந்தால் கோடும் கூடவே உயரும். உலக வங்கி 1990இல் நாளுக்கு ஒரு டாலர் என்று தொடங்கி, 1.25, 1.90, 2.15 என்று ஏற்றி 2025 ஜூனில் 3 டாலருக்கு வந்திருக்கிறது. அந்தக் கோட்டில் இந்தியாவின் கடும் வறுமை 2011-12இல் 27.1 சதவீதம், 2022-23இல் 5.3. குறைந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதில்தான் வள்ளத்துக்கு வள்ளம் பேச்சு மாறுகிறது.

இனிப் பிரிக்கும் வள்ளம். 1992, 1997, 2002 என்று மூன்று தடவை கிராமங்களில் வறுமைக்கோட்டுப் பட்டியல் எடுத்தார்கள். 2002இல் 13 கேள்விகள், கேள்விக்கு நாலு மதிப்பெண். துணி எத்தனை, சாப்பாடு எத்தனை வேளை என்றெல்லாம் கேட்டார்கள். பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு ஜனங்கள் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்த நடை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2011இன் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு மதிப்பெண்ணை விட்டுவிட்டு, பார்த்தவுடன் நீக்கு என்றது: இருசக்கர வண்டி இருந்தால் நீக்கு, ஃபிரிட்ஜ் இருந்தால் நீக்கு, தரைவழித் தொலைபேசி இருந்தால் நீக்கு. பஸ் வராத ஊரில் மில் வேலைக்குப் போகத் தவணையில் எடுத்த டிவிஎஸ் எக்ஸ்எல் ஒருவனைப் பணக்காரன் ஆக்கியது. பிரதமர் வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளை எடுக்க வெகுகாலம் இந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

தமிழ்நாடு வேறு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, புதுவாழ்வுத் திட்டத்தில் 'மக்கள் நிலை ஆய்வு' என்று ஊர்க்காரர்களையே கூட்டி உட்காரவைத்து, யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம் என்று சொல்லவைத்தது. ஊருக்கு உண்மை தெரியும் என்பது நல்ல நம்பிக்கை. ஆனால் ஊர் என்பது யார்? ஊர்ப் பக்கத்து ஆட்கள் வாய் திறக்கும் கூட்டத்தில் வளவுப் பக்கத்துத் தலித் ஆட்கள் எவ்வளவு பேசுவார்கள் என்பது கொங்குக் கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவதுதான் பெரிய காரியம். 1997இல் மத்திய அரசு, ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரி என்றபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லோருக்கும் அரிசி என்பது தொடர்ந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபோதும் பிரிப்பு கார்டின் எழுத்தில் இருந்ததே தவிர, அரிசிக் கார்டுதாரர் யாரையும் கடையிலிருந்து திருப்பி அனுப்பவில்லை. எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவைத் தொடங்கியபோதும் தட்டோடு வந்த குழந்தையிடம் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. பணக்காரனுக்கும் போகிறதே, கோழிக்குப் போடுகிறார்களே, கேரளாவுக்குக் கடத்துகிறார்களே என்ற குறைகளில் உண்மை உண்டு. ஆனால் பட்டியல் போட்ட மாநிலங்களில் பட்டியலுக்கு வெளியே நின்ற ஏழைகளோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை.

ஜூடித் ஹேயர் என்ற பொருளியலாளர் 1981-82 முதல் கோவை வட்டாரத்துக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து எழுதியவர். கிரேஸ் கார்ஸ்வெல்லும் கெர்ட் டி நேவும் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நீண்டகாலம் ஆய்வு செய்தார்கள். பண்ணையத்தில் கட்டுண்டிருந்த தலித் தொழிலாளிகள் சிலர், அங்கிருந்து விடுபட்டு விசைத்தறிப் பட்டறையில் முன்பணம் வாங்கி மறுபடி கட்டுண்டதை இவர்கள் காட்டினார்கள். ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும், இந்தக் கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்ததையும் பதிவு செய்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்பது எந்தக் கோட்டிலும் வராத அளவை. ஒருவன் ஏழையா இல்லையா என்பதை எங்கள் பக்கத்தில் நான் அதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

உடுமலையிலிருந்து மூணாறு ரோட்டில் சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளா. அங்கே வேறு வழி பிடித்தார்கள். உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் பார்த்து வார்டு வார்டாக விசாரித்து 64,006 குடும்பங்களைப் பெயரோடு கண்டுபிடித்து, வீட்டுக்கு ஒரு திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக வந்தது எப்படி, ஆதிவாசிகள் எங்கே என்று பொருளியலாளர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் தேடிக்கொண்டு போனார்களே, அதற்கு மதிப்பு உண்டு. தமிழ்நாடும் 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் 2.2 சதவீதத்தை எடுத்துக்காட்டி, மிகவும் ஏழைகளான 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து கைதூக்கிவிட முதலமைச்சரின் தாயுமானவர் திட்டத்தை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் அதே பெயரில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீடு தேடிக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. ஆத்தாக்களின் விஷயத்தில் 12 அளவைகளைவிட ரேஷன் வண்டிக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

எண் சரியில்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பதை 2011-12இன் செலவுக் கணக்கை வைத்துத்தான் பிரித்தார்கள். தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79 சதவீதம், மொத்தம் 364.70 லட்சம் பேர். மக்கள்தொகையோ 2011இன் எண்ணிக்கை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டதால், 2011க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அந்த எண்ணுக்குள் இல்லை. மீதிப் பேருக்கு அரிசி மாநிலத்தின் காசில். அடுத்தது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாடு 2023இலிருந்து 1,200 ரூபாய் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் அதில் மத்திய அரசின் பங்கு, 60 முதல் 79 வயதுவரை, மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அதே 200.

ஆகவே என் கட்சி இது. அளப்பதற்குக் கோடு வேண்டும். அது ஒரே கோடாக, நடுவில் வள்ளத்தை மாற்றாமல், ஆட்சி மாறினாலும் வெளியிடப்படுகிற கணக்காக இருக்க வேண்டும்; கூடவே கடனையும் முதியவர்களையும் எண்ண வேண்டும், மலைக்கும் வடக்கத்தித் தொழிலாளிக்கும் தனியாக மாதிரி எடுக்க வேண்டும். அரிசி, பள்ளிக்கூடம், வைத்தியம் ஆகியவற்றைக் கொடுக்கும் இடத்தில் கோடே வேண்டாம். இ-சேவை மையத்தில் அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்காக அவரை ஒரு பொய்க் கணக்குக்குத் தலையாட்டவைத்திருக்க வேண்டியதில்லை.

ரங்கராஜன் குழுவின் அறிக்கையை அரசு ஏற்றுக்கொண்டதாகவும் அறிவிக்கவில்லை, தள்ளியதாகவும் அறிவிக்கவில்லை. நிதி ஆயோக்கின் முதல் பணிக்குழு கோட்டைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட கடைசி வறுமைக்கோடு இன்றைக்கும் 2011-12இன் 880 ரூபாய்தான்.